பல்லாவரம் மேடு முதல் பறக்கும் ஆம்புலன்ஸ் வரை

மதராஸுக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் கடலுக்குள்ளேயே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆட்களையும் சரக்கையும் மசூலா படகுகள்தான் கரை சேர்த்தன. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. மணலில் மோதினாலும் உடையாமல் வளைந்துகொடுக்கும். ஆனாலும் கரையோர அலையில் கவிழ்வது உண்டு. அதனால் வெள்ளைக்காரர்களை ஏற்றி வரும் மசூலாவுக்குப் பக்கத்திலேயே ஒன்றிரண்டு கட்டுமரங்கள் துணைக்கு வரும். படகு கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்கி எடுப்பதே அந்தக் கட்டுமரக்காரர்களின் வேலை. அப்படி உயிர் காத்தவர்களுக்கும், புயலிலும் கடிதங்களைக் கப்பலுக்குக் கொண்டு சேர்த்தவர்களுக்கும் அரசு பதக்கம் கொடுத்தது. சோழமண்டலக் கரையில் மீட்புப் பணிக்குக் கிடைத்த பழைய அங்கீகாரங்களில் இதுவும் ஒன்று.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று தெற்கே நீளும் குப்பங்களிலும் இதே கட்டுமரம், இதே கைப்பழக்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாமல்லபுரம் குன்றின்மேல் ஆங்கில அரசு கலங்கரை விளக்கம் வைத்தது. முதலில் விளக்கு ஏற்ற இடம் கொடுத்தது மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே நிற்கும் ஓலக்கணேஸ்வரர் கோயிலின் உச்சி. பிறகுதான் பக்கத்திலேயே தனிக் கற்கோபுரம் எழுந்தது. கப்பலுக்கு எச்சரிக்கை சொல்ல விளக்கு, கவிழ்ந்தவனைத் தூக்கக் கட்டுமரம். இவை இரண்டும்தான் அன்று இந்தக் கரையின் அவசர சேவை.

வானம் இந்தக் கணக்கில் எப்போது சேர்ந்தது என்று தேடினால், செங்கல்பட்டு மாவட்டம் ஒரு வியப்பான விடை சொல்கிறது. நோயாளியையும் மருத்துவ உதவியாளரையும் ஏற்றிக்கொண்டு நெரிசலுக்கு மேலே பறக்கும் மின் வண்டியைச் சென்னையில் இன்று ஒரு குழு உருவாக்கி வருகிறது. அதற்கு முன்னோடியான பறப்பு ஒன்று இந்த மாவட்டத்துப் பல்லாவரத்தில் 1910லேயே நடந்துவிட்டது. நடத்தியவர் பொறியாளரோ ராணுவத்தவரோ அல்ல, ஓர் ஓட்டல்காரர்.

ஜாக்கமோ டி ஆஞ்சலிஸ் மவுண்ட் ரோடில் பெயர்பெற்ற ஓட்டல் நடத்தியவர். 1909 ஜூலை 25ஆம் தேதி பிரெஞ்சுக்காரர் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பலரைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது. மதராஸில் அந்தக் கிறுக்கு டி ஆஞ்சலிஸைப் பிடித்தது. அவரே வரைபடம் போட்டார். குதிரை வண்டிகளும் மோட்டார் வண்டிக் கூடுகளும் கட்டுவதில் கைதேர்ந்த சிம்சன் கம்பெனியில் விமானத்தைக் கட்டக் கொடுத்தார். சிறிய குதிரைத் திறன் கொண்ட எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தின் சரிவான மேட்டில் அதை ஓட்டிப் பார்த்தார். அது எழும்பியது.

ரைட் சகோதரர்கள் பறந்து அப்போது ஏழு ஆண்டுகூட ஆகவில்லை. உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் என்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆன்ரி பெக்கே பறந்தது 1911 பிப்ரவரி 18ஆம் தேதி. பல்லாவரம் அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முந்தியது. இந்திய மண்ணில் விசையோடு பறந்த முதல் விமானம் டி ஆஞ்சலிஸுடையதுதான் என்று சென்னை வரலாற்றாளர் எஸ். முத்தையா விடாமல் எழுதிவந்தார். அலகாபாத்துக்குத் தபால்தலையும் நினைவு விழாவும் கிடைத்தன. பல்லாவரத்துக்கு அந்தப் பெருமை இன்னும் உரிய அளவில் வந்து சேரவில்லை. பல்லாவரம் ரேடியல் ரோடில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

டி ஆஞ்சலிஸ் அத்தோடு நிற்கவில்லை. தீவுத்திடலில் கட்டணம் வைத்துக் காட்சி நடத்தினார். துணிந்து முன்வந்த ஒருவரைப் பயணியாக ஏற்றியும் பறந்தார். அன்றைக்கு விமானம் என்றால் வேடிக்கை. அதைக் கொண்டு ஓர் உயிரைக் காக்கலாம் என்ற எண்ணம் வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அந்த இடைக்காலத்தில் பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவிலான சில மைல் தூரத்தில் விமானம் வேர்விட்டது. மீனம்பாக்கத்தில் ஓடுதளம் வந்தது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி கராச்சியில் தொடங்கிய டாட்டாவின் விமானத் தபாலை, பம்பாய்க்குப் பிறகு பெல்லாரி வழியாக மதராஸுக்கு நெவில் வின்சென்ட் ஓட்டி வந்தார். 1954ல் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி தாம்பரத்துக்கு வந்தது. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களையே உருவாக்கும் பள்ளி அது. 1949ல் சி. ராஜம் தன் வீட்டை விற்ற பணத்தைப் போட்டுக் குரோம்பேட்டையில் மதராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். சாதாரணப் பொறியியல் கல்லூரிகள் சிவில், மெக்கானிக்கல் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது விமானம், மோட்டார் வண்டி, மின்னணுவியல், அளவைக் கருவிகள் ஆகியவற்றைத் தனிப் பாடங்களாக எடுத்துக்கொண்ட கல்லூரி அது. பறக்கும் காருக்கு வேண்டிய எல்லாத் துறைகளும் ஒரே வளாகத்தில் இருந்தன என்பதை இன்று திரும்பிப் பார்க்கும்போது உணர முடிகிறது.

அங்கே படித்தவர்தான் அப்துல் கலாம். கல்லூரிக் கட்டணத்துக்காக அவருடைய அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்த கதை தமிழர் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது அவர் முதலில் செய்த வண்டி. பெங்களூரில் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் அவர் தலைமையிலான சிறு குழு ‘நந்தி’ என்ற ஹோவர்கிராஃப்டைக் கட்டியது. காற்றை மெத்தையாக ஊதி, அதன்மேல் தரையைத் தொடாமல் நகரும் வண்டி. தன் எடையோடு சேர்த்து 550 கிலோவைத் தாங்கி, தரைக்கு மேல் 40 மில்லிமீட்டர் உயரத்தில் மிதந்தது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதில் ஏறிப் பார்த்தார், கலாமே ஓட்டினார். மேனன் பதவியிலிருந்து போனதும் திட்டம் கிடப்பில் போடப்பட்டது. சதுப்பிலும் வெள்ளத்திலும் ஓடக்கூடிய ஒரு வண்டி 1960களின் தொடக்கத்திலேயே இந்திய மண்ணில் மிதந்தும் கைவிடப்பட்டது என்பது வருத்தமான செய்திதான்.

மீட்புக்கு வானம் எவ்வளவு தேவை என்பதை இந்தக் கரை 2004 டிசம்பர் 26 காலையில் கண்டது. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கி, அதுவரை நீருக்கடியில் இருந்த பாறைகள் வெளியே தெரிந்தன. பிறகு சுனாமி அலை வந்தது. தெற்கே கல்பாக்கத்தில் ஊழியர் குடியிருப்புக்குள் கடல் புகுந்து பல உயிர்களைக் கொண்டுபோனது. அணுமின் நிலையத்தில் கடல்நீர் ஏற்றும் பம்புகள் மூழ்கியதால் இயங்கிக்கொண்டிருந்த அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. குப்பங்களில் படகுகளே முதலில் அழிந்தன. அதாவது, தலைமுறை தலைமுறையாக மீட்டவர்களே மீட்பு வேண்டி நின்றார்கள், அவர்களுடைய கருவியும் கையில் இல்லை. அந்த முதல் சில மணி நேரத்தில் மேலிருந்து வந்து இறங்கக்கூடியது எதுவும் இந்தக் கரையில் தயாராக நிற்கவில்லை.

பதினோரு ஆண்டு கழித்துத் தண்ணீர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட, அடையாறு கரை மீறியது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான தெருக்களில் முதல் மாடி வரை வெள்ளம். மீனம்பாக்கம் ஓடுதளத்தில் தண்ணீர் நின்றதால் விமான நிலையம் மூடப்பட்டது. அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயங்கின.

தாம்பரம் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் புறப்பட்டு மொட்டை மாடிகளில் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. ராமாபுரத்தில் மாடியில் சிக்கியிருந்த நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை விமானப்படையினர் கயிற்றில் தூக்கி மேலே ஏற்றினார்கள். சில நாளில் அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அந்தப் படம் நாடெங்கும் பரவியது. ஆனால் அந்த வாரத்தில் தெருத்தெருவாகப் போய்ப் பெரும்பாலான மக்களை வெளியே கொண்டுவந்தது எது என்று கேட்டால், படகுதான். கடற்கரைக் குப்பங்களிலிருந்து ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றி வந்து, மின்கம்பத்தையும் மூழ்கிய காரையும் சுற்றி ஓட்டினார்கள் மீனவர்கள். யாரும் பதக்கம் கொடுப்பதாகச் சொல்லி அவர்களை அழைக்கவில்லை.

ஹெலிகாப்டர் ஏன் தெருவுக்குள் வரவில்லை? விமானப்படையின் மிகச் சிறிய ரகங்களில் ஒன்றான சேதக்கின் மேல்விசிறி 11 மீட்டர் அகலம். மி-17 ரகத்துக்கு 21 மீட்டருக்கும் மேல். முடிச்சூர்ப் பக்கம் முப்பது அடித் தெருவே பெரிய தெரு. அதிலும் மேலே மின்கம்பி, கேபிள், மாடிக்கு மாடி தகரக் கொட்டகை. மி-17 தாழ்ந்து நின்றால் அதன் கீழ்க்காற்றில் ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகள் பறக்கும். மொட்டை மாடிக்கு மேலே நின்று கயிற்றில் தூக்குவது மட்டுமே சாத்தியம், அதுவும் ஒரு தடவைக்கு ஓரிருவர். படகுக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. பறக்கும் வண்டி என்ற கனவுக்கு நியாயம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அந்த இடைவெளியை மாமல்லபுரம் பக்கத்து மக்கள் வேறொரு விதத்திலும் அறிவார்கள். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் 15 வயது மகன் இருசக்கர வாகன விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவனுடைய உறுப்புகளைத் தானம் தந்தார்கள். இதயம் தேனாம்பேட்டை மருத்துவமனை ஒன்றிலிருந்து முகப்பேருக்குப் போக வேண்டும். அங்கே ஒன்பது வயதுச் சிறுமி காத்திருந்தாள். போலீஸ் வழியெங்கும் சிக்னல்களைப் பிடித்து நிறுத்தி, சாதாரண நாளில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாத பாதையை 11 நிமிடத்தில் கடக்க வைத்தது. தமிழ்நாட்டின் உறுப்புதானத் திட்டமே அந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கி அப்போது சில நாட்களே ஆகியிருந்தன. அது தொடங்கியது அதே மாதம் 15ஆம் தேதி.

ஒரு நகரமே நின்று வழிவிட்டால் 11 நிமிடம் என்பது பெருமைதான். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் நகரம் நிற்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு மாலை அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு வரும் 108 ஓட்டுநருக்கு இது தினசரிப் பாடம்.

குரோம்பேட்டைக் கல்லூரி இதற்குள் ஆளில்லா விமானங்களில் இறங்கியிருந்தது. பேராசிரியர் கே. செந்தில்குமார் வழிநடத்திய வான்வெளி ஆய்வு மையத்தில் மாணவர்கள் கட்டிய ட்ரோன்களை 2015 வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தேடக் காவல்துறை பயன்படுத்தியது. 2018ல் அந்தக் கல்லூரியின் ‘தக்‌ஷா’ குழு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ‘மெடிக்கல் எக்ஸ்பிரஸ்’ போட்டிக்குப் போனது. எட்டாத இடத்தில் இருக்கும் நோயாளியிடம் ஆளில்லா விமானத்தை அனுப்பி, அது அங்கே தானாக இறங்கி, ரத்த மாதிரியோடு திரும்ப வேண்டும். அதுதான் போட்டி. தக்‌ஷா இரண்டாம் இடம் பெற்றது. நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்ததால் அந்தச் செய்தி சினிமாப் பக்கத்துக்குப் போய்விட்டது. அது மருத்துவப் பக்கத்தில் வந்திருக்க வேண்டிய செய்தி. மாதிரியைச் சுமக்கும் இயந்திரம் இனி ஆளைச் சுமக்க வேண்டும். அந்த ஒரு படிதான் மலை போன்றது.

அந்தப் படியில் ஏறச் சென்னையில் இரண்டு முயற்சிகள் வெளியே தெரிந்தன. 2021 செப்டம்பரில் வினதா ஏரோமொபிலிட்டி என்ற நிறுவனம் தன் பறக்கும் காரின் மாதிரியை விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியாவிடம் காட்டியது. இரண்டு பேர் போகலாம், எரிபொருளும் மின்கலமும் கலந்த இயக்கம், 60 நிமிடப் பறப்பு, 100 கிலோமீட்டர் தூரம், வண்டிக்கே பாராசூட் என்று திட்டம் சொன்னது. மக்களையும் சரக்கையும் கொண்டுபோவதோடு மருத்துவ அவசரத்துக்கும் உதவும் என்று அமைச்சர் எழுதினார். அன்று காட்டப்பட்டது வடிவம், பறந்த வண்டி அல்ல.

இரண்டாவது முயற்சி ஆசிரியர் ஒருவருடையது. சென்னை ஐஐடியின் விமானப் பொறியியல் பேராசிரியர் சத்யா சக்கரவர்த்தி 2019ல் தொடங்கிய இ-பிளேன் கம்பெனி அது. மொட்டை மாடியிலிருந்து செங்குத்தாக எழும்பி, பிறகு சிறகின் பலத்தில் முன்னோக்கிப் பறக்கும் சிறிய மின்விமானம் அவர்களுடைய இலக்கு. முழுக்க விசிறியை நம்பினால் மின்கலம் தாங்காது, முழுக்கச் சிறகை நம்பினால் ஓடுதளம் வேண்டும். இரண்டையும் சேர்த்து, வண்டியின் அகலத்தையும் நகரத்துக்குள் அடங்கும்படி குறைப்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கடினமான கணக்கு. முதலில் ஏர் டாக்சி என்றுதான் பேச்சு. 2025 பிப்ரவரியில் பேச்சு மாறியது. விமான ஆம்புலன்ஸ் நடத்தும் ஐகேட் நிறுவனத்துக்கு 788 வண்டிகள் தர ஒப்பந்தம் ஆனது, நாட்டின் மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில். நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்பு. விமானி, மருத்துவ உதவியாளர், ஸ்ட்ரெச்சரில் ஒரு நோயாளி. வேகம் மணிக்கு 110 முதல் 200 கிலோமீட்டர், ஒரு சார்ஜில் 110 முதல் 200 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். அறிவித்த அன்று அதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் சான்று கிடைத்திருக்கவில்லை.

இந்த எண்களைச் செங்கல்பட்டு வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஏன் மனம் துள்ளுகிறது என்று புரியும். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர். தேர்த் திருவிழா நாளில் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. வானத்தில் அது பத்து நிமிடம்.

ஆனால் ‘மீட்பு’ என்ற வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது ஒன்று. மாடியிலோ மரத்திலோ வெள்ளத்திலோ சிக்கியவருக்கு மேலே நின்று தூக்குவது மற்றொன்று. இரண்டாவது வேலையின் உயிர் நிற்பதில் இருக்கிறது. அந்தரத்தில் அசையாமல் நிற்பதுதான் எந்தப் பறக்கும் இயந்திரத்துக்கும் அதிகச் செலவான வேலை. ஹெலிகாப்டர் பெரிய விசிறியால் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளி நிற்கிறது. விசிறி சிறுத்தால் கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ள வேண்டும், அதற்குச் சக்தி பல மடங்கு போகும். தெருவுக்குள் நுழைய வேண்டும் என்றால் விசிறி சிறுக்க வேண்டும். சிறுத்தால் நிற்கும் நேரம் குறையும். இந்த முரண்பாட்டுக்குள்தான் எல்லாப் பறக்கும் கார்களும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. இன்றைய நல்ல மின்கலம் ஒரு கிலோவில் சுமார் 250 வாட்-மணி சேமிக்கும். ஒரு கிலோ பெட்ரோலில் உள்ளது ஏறக்குறைய 12,000. எஞ்சினில் வீணாகும் பங்கைக் கழித்தாலும் இடைவெளி பெரிது. ஆகவே சிறகு வைத்து முன்னோக்கி ஓடும் இ-பிளேன் போன்ற வடிவம் முதல் வேலைக்குப் பொருத்தம். கயிற்றில் தூக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இரண்டாவது வேலைக்காகவே வண்டி கட்டியவர்களும் உண்டு. இஸ்ரேலின் ரஃபி யோலி தன் அர்பன் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் விசிறிகளைக் கூண்டுக்குள் மறைத்து, கட்டடச் சுவரை ஒட்டி நிற்கக்கூடிய வண்டியை வடிவமைத்தார். உயரமான கட்டடத்தின் ஜன்னலிலிருந்தே ஆளை ஏற்றிக்கொள்ளலாம் என்பது எண்ணம். மின்கலத்தை நம்பாமல் ஹெலிகாப்டர் எஞ்சினையே வைத்தார். அவர்களுடைய ஆளில்லா ரகம் 2015 டிசம்பரில் கட்டுக்கயிறு இல்லாமல் பறந்தது. ஜெர்மனியில் ஏடிஏசி விமான மீட்பு அமைப்பு வேறு வழியில் யோசித்தது. நோயாளியைத் தூக்குவதை ஹெலிகாப்டரிடம் விட்டுவிட்டு, மருத்துவரை மட்டும் நோயாளியிடம் சீக்கிரம் கொண்டுசேர்க்கலாம் என்று வோலோகாப்டர் நிறுவனத்தோடு சேர்ந்து ஆராய்ந்தது. அந்த ஆய்வு 150 கிலோமீட்டராவது பறக்கும் வண்டி வேண்டும் என்றது. வோலோகாப்டரால் அதில் கால்பங்கு தூரத்தைத்தான் தொட முடிந்தது. 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. மருத்துவரைக் கொண்டுபோகும் யோசனை மட்டும் இன்னும் மதிப்பு இழக்கவில்லை. செய்யூர் போன்ற இடங்களுக்கு அதுவே உடனடிப் பயன் தரும்.

பிறகு காற்று. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரை கடந்தது. மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர், இடையிடையே 85 வரை வீசிய காற்று. அந்த இரவில் சிறிய மின்வண்டி எதுவும் எழும்ப முடியாது, எழும்பவும் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் இதே கரையில் தமிழ்நாட்டின் முதல் சர்வதேசப் பட்டம் விடும் விழா நடந்தது. கடற்காற்று மதியத்துக்கு மேல் வலுத்து, வீடு அளவு பட்டங்களைத் தூக்கி நிறுத்தியது. பட்டத்துக்கு வரமாக இருக்கும் அந்தக் காற்றுதான் இறங்குதளத்தின் மேல் தத்தித் தாழும் வண்டிக்குச் சோதனை. கடற்காற்று கட்டடங்களில் மோதிச் சுழலும் இடத்தில் வண்டியை நேராக இறக்குவது தனிக் கலை. தாம்பரத்துப் பயிற்றுநர்கள் பல தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கும் அறிவு இந்த வண்டிகளின் விமானிகளுக்கும் வேண்டியிருக்கும்.

வானமும் காலியாக இல்லை. வடக்கே மீனம்பாக்கமும் தாம்பரம் விமானப்படைத் தளமும், தெற்கே கல்பாக்கம். அணுமின் நிலையத்துக்கு மேலே பறக்கத் தடை. மாமல்லபுரத்திலிருந்து எழும்பும் ஆம்புலன்ஸ் இந்த மூன்றுக்கும் இடையில் சந்து பிடித்துப் போக வேண்டும். அந்தப் பாதை முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும், ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டு நிற்க நோயாளிக்கு நேரம் இருக்காது. செங்குத்தாக இறங்கும் தளங்கள் எப்படி அமைய வேண்டும் என்று 2024 செப்டம்பரில் இயக்குநரகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. நெறி வந்துவிட்டது, தளம் வர வேண்டும்.

2023 டிசம்பர் இந்தக் கணக்கை மறுபடியும் எழுதிக் காட்டியது. மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மீண்டும் மூழ்கின. காரப்பாக்கத்தில் சிக்கிய இந்தி நடிகர் அமீர்கானும் படகில்தான் வெளியே வந்தார். இரண்டு வாரத்தில் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு ரயிலின் சுமார் 800 பயணிகள் தண்ணீருக்கு நடுவே நின்றார்கள். அங்கே ஹெலிகாப்டர் உணவு போட்டது, கர்ப்பிணி ஒருவரைத் தூக்கியும் சென்றது. இரண்டு இடத்திலும் தேவைப்பட்டது பல கருவிகள்: தெருவுக்குப் படகு, மாடிக்குக் கயிறுள்ள ஹெலிகாப்டர், டயாலிசிஸ் நாள் தவறிய நோயாளிக்கும் பிரசவ வலி கண்டவருக்கும் மழை ஓய்ந்த இரண்டு மணி நேரத்தில் வந்து இறங்கும் ஒரு சிறு வண்டி. மூன்றாவதுதான் இன்னும் நம்மிடம் இல்லை.

அது வரும்போது எங்கே இறங்கும் என்பதை இப்போதே முடிவு செய்துவிட முடியும். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி வளாகம், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர் அரசு மருத்துவமனைகள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெள்ளம் ஏறாத மேடுகள், தாம்பரத்தின் மேற்கே பள்ளி மைதானங்கள். ஒவ்வொன்றிலும் கம்பி இல்லாத வானம், தண்ணீர் நிற்காத தரை, மின்சாரம் போனாலும் சார்ஜ் ஏற்ற ஒரு ஜெனரேட்டர் ஆகியவை வேண்டும். இவற்றுக்குப் பறக்கும் வண்டி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றைய ஹெலிகாப்டர்களுக்கும் மருந்து சுமக்கும் ட்ரோன்களுக்கும் அதே தளங்கள் பயன்படும். கட்டணம் யார் கொடுப்பது என்பதும் இப்போதே பேச வேண்டியது. 108ஐ அழைக்கும் கூலித் தொழிலாளியிடம் யாரும் காசு கேட்பதில்லை. மேலே பறக்கும் வண்டியும் அதே எண்ணில், அதே விதியில் வர வேண்டும் என்று அரசு முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். சான்று கிடைத்த பிறகு, விலை நிர்ணயித்த பிறகு எழுதச் சொன்னால், அது கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளின் மாடிக்கு மட்டும் இறங்கும் வண்டியாகிவிடும்.